பெரட்டில் கடைசிப் பெயர்

ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு ஃபயர்வால் பொருத்தப் போயிருந்தேன். அலுவலகத்துக்குள் வருவதையும் வெளியே போவதையும் சோதித்து, எது எந்த இணைய லைனில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் பெட்டி அது. அங்கே இரண்டு லைன்கள். ஒன்று புதிய ஃபைபர். மற்றது அவசரத்துக்கு வைத்திருந்த பழைய லைன், சுத்த ஆமை.

கிளை மேனேஜர் எனக்கு எந்த ரப்பர் தோட்டம் என்று விசாரித்தார். கோலா கங்சார் பக்கம் என்றேன். அம்மா பெயரைக் கேட்டார். சொன்னதும் கைகொட்டிச் சிரித்தார். எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதி ஆட்களை மேய்த்த கிராணியின் மகனாம்.

“எங்கப்பா பெரட்டுல ஒங்கம்மா பேரத்தான் கடைசியா வாசிப்பாரு. மேட்டு நிரை அவங்களுக்குன்னே எழுதி வச்சது லா!” என்றார், ஆபீஸ் மொத்தமும் கேட்க.

பெரட்டு என்றால் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் வாசித்து, பால் வெட்ட மரங்களை நிரை நிரையாக, அதாவது வரிசை வரிசையாக, பிரித்துக் கொடுப்பது. பட்டியலில் மேலே இருப்பவருக்குச் சாலையோர நிரை, கடைசிப் பெயருக்கு மேடு. ஒருமுறை கிராணியை எதிர்த்துப் பேசியதற்காக அம்மாவின் பெயர் அடிக்குப் போனது. மாற்றச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், “வரிசை அப்படி. நாளைக்குப் பாப்போம்” என்பார். பால் வாளிகளோடு மேட்டில் சறுக்கிச் சறுக்கி இறங்கியவளுக்கு இன்று முழங்கால் மடங்காது. அதைச் சொல்லி இவன் சிரிக்கிறான்.

ஃபயர்வாலிலும் ஒரு பட்டியல் உண்டு. விதிகளை மேலிருந்து வாசிக்கும். முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டால் கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாக் கணினிகளும் ஃபைபரில் போகட்டும் என்று ஒரு விதி எழுதினேன். அதற்கு மேலே இன்னொன்று: மேனேஜரின் கணினி மட்டும் பழைய லைனில். தொழில் தர்மம் எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

மறுநாள் காலை அவருக்குத் தலைமையகத்தோடு வீடியோ நேர்காணல். தேறினால் வடக்கு வட்டாரத்துக்கே அவர்தான் தலைவர் என்று முதல் நாளே பீற்றிக்கொண்டிருந்தார். சோதனை செய்கிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடி அறைக்குள், திரையில் அவர் முகம் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றது. “ஹலோ, கேக்குதா?” என்று கத்திக் கத்தி, கடைசியில் வியர்க்க விறுவிறுக்க வெளியே ஓடி வந்தார்.

“தம்பி, என் லைன் மட்டும் ஏன் இப்படி இருக்கு? கொஞ்சம் மாத்தி விடுங்களேன்!”

“வரிசை அப்படிண்ணே. நாளைக்குப் பாப்போம்” என்றேன்.

அன்று மாலையே அந்த விதியை நீக்கிவிட்டேன். பதவி வேறு கிளைக்காரருக்குப் போனது என்று தெரிந்ததும் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அது இன்னும் அப்படியே இருக்கா?”

“அன்னிக்கே எடுத்துட்டேம்மா.”

தேய்த்த கை நின்றது.

“ஏன்டா எடுத்த? எனக்குப் பதினோரு வருஷம் மேடு. அவனுக்கு ஒரே ஒரு நாளா?”