நிழலில் நட்ட பெரணி

அன்று தோட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள். பாரிசுக்கு வெளியே அந்த முதியோர் விடுதியை நடத்தும் மதாம். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த போர்த்துகீசியச் சமையற்காரி. மதாம் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்ல என் வீட்டுக்காரர். அப்புறம், அங்கே பெருக்கித் துடைக்கத் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த நான். தோட்டம் என்றால் வெயில் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத இடம். இரண்டு பக்கமும் உயரச் சுவர். எங்கள் ஊர் குரும்பகரத்தில் வயலில் நிழல் விழுந்தால் கிளையை வெட்டுவோம். இங்கே நிழலுக்கென்றே ஒரு செடி விற்கிறார்கள். ஃபுழேர் என்று பெயர். நம் ஊர்க் கிணற்றுச் சுவரில் முளைக்கிற பெரணிதான். செங்கலைப் பிளக்கும் என்று நாம் பிடுங்கி எறிவது.

"செடி புடிச்சிக்கிட்டா வேலை நெரந்தரமாம்," என்றார் வீட்டுக்காரர்.

"இல்லாட்டி?"

"வேற ஆள் பாப்பாங்களாம்."

வேலை நிலைத்தால்தான் இரண்டு அறை வீடு கிடைக்கும். இரண்டு அறை இருந்தால்தான் பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம். வளர்மதியை ஐந்து வயதில் என் தங்கை ராசாத்தியிடம் விட்டு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி அது.

நாற்பது செடி. எனக்கு நடவு தெரியும். சின்ன வயதிலேயே சேற்றில் இறங்கியவள். குனிந்தேன், பின்பக்கமாக நடந்தேன், கட்டைவிரலால் ஆழமாக அழுத்தி நட்டேன். மதியத்துக்குள் முடிந்தது. குழாயைத் திறந்து தண்ணீர் கட்டினேன். சமையற்காரி கைதட்டினாள். "வரப்பு ஒண்ணுதான் பாக்கி புள்ள, அதையும் போட்டுடு," என்று வீட்டுக்காரர் சிரித்தார். மூன்று வாரத்தில் எல்லாம் சாய்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இலை கிளம்புகிற கழுத்து மண்ணுக்குள் கறுத்து அழுகி, விரலில் வழுக்கியது. மதாம் வந்து பார்த்தார். ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரு நாள் என்கிறாரா, ஒரு செடி என்கிறாரா? எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன். வீட்டுக்காரர் சாயங்காலம் போய்க் கேட்டு வந்தார். "இன்னும் ஒரே தடவையாம்."

இந்தத் தடவை செடிக்கடைக்கு நானே போனேன். இலையைப் பார்க்கவில்லை. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்து எடுத்தேன். நாக்கு மாதிரி முழு இலை உள்ளதைக் காய்ந்த சுவரோரம் வைத்தேன். சீப்பு மாதிரிக் கிழிந்த இலை உள்ளதைக் கூரைத் தண்ணீர் சொட்டுகிற பக்கம். மக்கின இலையைக் குவித்து, மேடாக்கி, கழுத்து வெளியே தெரிய நட்டேன். குளிர் வந்தது. நாக்கிலை பச்சையாக நின்றது. சீப்பிலை முழுக்கப் பழுத்துப் படுத்துவிட்டது. "ஃபினி?" என்றார் மதாம், முடிந்ததா என்று. "நோன்," என்றேன், இல்லை என்று. எனக்கே தெரியாது. காலையில் உள்ளே நுழைந்ததும் அங்கேதான் போவேன். குந்துவேன், எழுவேன், துடைப்பத்தைப் போட்டுவிட்டு மறுபடி போவேன். பனி விலகிய பிறகு ஒரு நாள், கம்பளிப்பூச்சி சுருண்ட மாதிரி ரோமம் மூடிய சுருள்கள் மண்ணுக்கு மேலே நின்றன. அந்த மாதமே வேலைக் காகிதம் கொடுத்தார்கள்.

பிள்ளையை அழைத்து வர விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ராசாத்தி நின்றாள். அவள் பின்னால் என் பிள்ளை, எட்டு வயது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. "சின்னம்மா, இவங்க எப்ப திரும்பிப் போவாங்க?" என்று ராசாத்தியைத்தான் கேட்டது.

அந்த ஒரு மாதமும் பிள்ளையின் துணியைப் பெட்டியில் அடுக்குவேன், எடுத்து வெளியே வைப்பேன். கிளம்புகிற அன்று பிள்ளை சின்னம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றது.

"இழுத்துக்கிட்டுப் போக்கா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்று சொல்லிவிட்டு ராசாத்திதான் அழுதாள்.

இழுக்கவில்லை. தனியாக ஏறினேன்.

இரண்டு அறை வீடு கிடைத்தது. ஒரு அறையில் கட்டில் விரித்தபடி கிடக்கிறது. ஊரில் இருந்தால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நினைப்பு. இங்கே இருந்தால் அங்கே மணி என்ன, பள்ளிக்கூடம் விட்டிருக்குமா என்று நினைப்பு. வளர்மதி வயதுக்கு வந்த சேதி கடிதத்தில் வந்தது. இப்போது அவளுக்குப் பதினாறு. இடையில் இன்னொரு தடவை போய் வந்தேன். விட்டு வந்த இந்தப் பதினொரு வருடத்தில் அவளோடு இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தேன்.

ஐம்பத்தெட்டு.