பின்னால் நடப்பவளுக்கு ஓர் அட்டைப்படம்

என் கைபேசி உறைக்குள் தபால்தலை அளவில் ஒரு படம் இருக்கிறது. மேலே பச்சை, கீழே சேறு, நடுவில் சிவப்பாக ஒரு முதுகு. யாராவது அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், கதையை முழுசாகச் சொல்லாமல் விடமாட்டேன்.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இரண்டே பேராக ஒரு வீடியோ கேம் செய்தோம். கணினி நிரல் எழுதியது அக்கா. கூடப் பிறந்தவரல்ல, என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் அக்கா. நான் படம் வரைபவன். கதை அக்காவுடைய அம்மாவின் கதை. சென்னையில் ஆட்சி மாறியிருந்த காலம் அது. ஒரத்தநாட்டுப் பக்கம் அவர்கள் ஊர் மிராசுதார் மட்டும் மாறவில்லை. குத்தகை நிலத்தை விட்டு அந்தக் குடும்பத்தை வெளியேற்ற ஆள் அனுப்பினார். நட்டு முடித்த வயலில் கைவைக்க ஊர் விடாது என்று நம்பி, மற்றவர்கள் பயந்து ஒதுங்கிய காலையில், பதினெட்டு வயதில் அந்த அம்மா தனியாளாக வயலில் இறங்கினார். ஆட்கள் வருவதற்குள் நட்டாக வேண்டும். இதுதான் விளையாட்டு.

இணையக் கடையில் அதை ஏற்ற மாலை ஆறு மணி கெடு. இரண்டு வாரம் உயிரைக் கொடுத்து அட்டைப்படம் வரைந்திருந்தேன்: புயல் மேகம், கோபுரம், தடியோடு ஆட்கள், எதிரே நிமிர்ந்து நடந்துவரும் பெண், அவளுக்குப் பின்னால் நட்ட பயிர். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

கெடு நாள் காலையில் அக்கா அதைத் தபால்தலை அளவில் அச்சடித்து நீட்டினார். "கடையில இத்தனூண்டுதான் தெரியும். இதுல கோபுரம் எது, மேகம் எது, சொல்லு பாப்போம்." வரைந்த எனக்கே தெரியவில்லை. "அதை விடு. அம்மா எந்தப் பக்கம் நடக்குறாங்க?"

"முன்னாடிதான்க்கா."

"காலுக்கு முன்னாலதானே நடுவாங்க, முன்னாடி நடந்தா நட்ட நாத்தை அவங்களே மிதிச்சுட மாட்டாங்களா? காலேஜ் லீவுல எத்தனை நாள் நட்டிருக்கேன். பின்னாடிதான்டா போவோம்."

எனக்கு முகம் செத்துவிட்டது. தஞ்சாவூர்க்காரன், வரப்பில் நின்று எத்தனையோ நடவு பார்த்தவன்! கதாநாயகி என்றாலே முன்னேற வேண்டும் என்று கை பழகியிருந்தது. "வாங்குறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா" என்று முனகினேன்.

"அம்மா பாப்பாங்கல்ல" என்றார்.

அப்புறம் பிடித்தது வேகம். மேகம், கோபுரம், தடியாட்கள் எல்லாவற்றையும் தூக்கினேன். வயலை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் திருப்பினேன். குனிந்த முதுகும் சிவப்புச் சேலையும் மட்டும். அவளுக்கு முன்னால் நட்ட பச்சை, பின்னால் வெறும் சேறு. ஒவ்வொரு மாற்றத்தையும் சிறிதாக அச்சடித்து வாசல் கதவில் ஒட்டினோம். அக்கா ஆறு படி கீழே இறங்கி நின்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், நான் ஓடுவேன். சாப்பாடு மறந்துபோனது. ஐந்தரைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது: "தெரியுறாங்கடா, அம்மா தெரியுறாங்க." ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் படம் ஏறியது.

அடுத்த ஞாயிறு, கதவில் கடைசியாக ஒட்டிய தாளை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தோம். இப்போது அதே வயல் அவர் பெயரில் இருக்கிறது. வெகுநேரம் பார்த்தார். பிறகு அடியில் இருந்த வெறும் சேற்றில் நகத்தை அழுத்தினார். "இங்கதான் தம்பி வந்து நின்னாங்க, தடியோட. நான் நிமிரவே இல்ல. நட்டுக்கிட்டே அவங்க காலடி வரைக்கும் போனேன். அவங்கதான் விலகி வரப்பேறுனாங்க."

அந்தத் தாள்தான் இது. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் அவர் நகம் பதிந்த தடம் தெரியும்.