சில்லி சிக்கனுக்கு ஒரு சிவப்பு ஒயின்

ஒக்கலிபுரத்தில் உத்தமன் தன் வீட்டுக்குள் நுழைவதற்கு ஒரு முறை இருந்தது. செருப்பைக் கழற்ற வேண்டும், வாசற்படியில் நிற்க வேண்டும், மனைவி சொர்ணத்தின் முகத்துக்கு நேராக "ஹா" என்று ஊத வேண்டும். அவள் மோந்து பார்த்து "ம்" என்று சொன்னால்தான் உள்ளே போகலாம். கல்யாணமான மறுநாளிலிருந்து இதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துச் சிரித்து அலுத்துப்போனார்கள். உத்தமனுக்கு இதில் வெட்கமே கிடையாது. குடிக்காதவன் ஊதுவதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

சொர்ணத்தின் அப்பா பாக்கெட் சாராயத்திலேயே கரைந்துபோன ஆள். பெண் பார்க்க வந்த அன்றே அவள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "குடிச்சிட்டு வந்தா அன்னிக்கே போயிடுவேன். அழமாட்டேன், சண்டை போடமாட்டேன். போயிடுவேன்." சொன்னதைச் செய்கிற முகம். அந்த முகம் பிடித்துத்தான் உத்தமன் அவளைக் கட்டிக்கொண்டான்.

அவனுக்கு வேலை பிரேசர் டவுனில், ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்டில். தட்டுக் கழுவ வந்தவன் இப்போது பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் மேலாள், கேப்டன். எந்த மேசைக்குக் காரம் தூக்கலாக இருக்க வேண்டும், எந்த மேசை தண்ணீர் கேட்டு அலறும் என்று ஆளைப் பார்த்தே சமையல்கட்டுக்குச் சொல்லிவிடுவான். முதலாளி கிருஷ்ணப்பா கோலார்க்காரர், தமிழிலும் கன்னடம் கலந்துதான் பேசுவார். வாசலில் டிராகன் விளக்கு மாட்டியிருந்தாரே தவிர, சீனா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் ஐ.டி. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். உட்கார்ந்ததும் "ரெட் ஒயின் இருக்கா? ரொம்ப காஸ்ட்லியா வேணாம்" என்றார்கள். இல்லை என்றதும் எழுந்து போனவர்களும் உண்டு. கிருஷ்ணப்பா அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

"உத்தமா, ஒயின் கம்பெனி ஆள் வர்றார். எந்த ஐட்டத்துக்கு எந்த ஒயின்னு நீதான் பாத்துச் சொல்லணும் குரு. நம்ம சாஸ், நம்ம காரம் உன் நாக்குக்குத்தான் தெரியும்."

"சார், நான் குடிக்கமாட்டேனே."

"யாரு குடிக்கச் சொன்னா? ஸ்வல்ப, கொஞ்சமா வாயில வை, துப்பு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற கேப்டன் பாத்துக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உத்தமன் தலையாட்டினான்.

சொர்ணத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். ஒவ்வொரு நாளும் வாசற்படியில் நின்று ஊதும்போது வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அவள் "ம்" என்றதும் திரும்ப உள்ளே போய்விட்டது. துப்பத்தானே போகிறோம், துப்புவது எப்படிக் குடித்ததாகும் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டான். கோழைத்தனத்துக்கு நியாயமா கிடைக்காது?

அந்த நாளும் வந்தது. மதியக் கூட்டம் போன பிறகு, கம்பெனி ஆள் வைத்தீஸ்வரன் ஓரமேசையில் சிவப்பு ஒயின் பாட்டில்களை வரிசையாக வைத்தார். துப்புவதற்கு ஐஸ் வாளி. சமையல்கட்டிலிருந்து சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன், இனிப்பும் புளிப்புமான பன்றிக்கறி எல்லாம் சூடாக வந்தன.

"அவசரப்படாதீங்க. நாக்கு முழுக்கப் படட்டும். கறியை ஒரு கடி, ஒயினை ஒரு வாய்," என்றார் வைத்தீஸ்வரன்.

முதல் ஒயின் பச்சை வாழைக்காய்த் தோலைக் கடித்தது போலத் துவர்த்தது. அதை வைத்துக்கொண்டு சில்லி சிக்கனைக் கடித்தபோது மிளகாய் இரண்டு மடங்காக எரிந்து, உத்தமனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பினான். "துவர்ப்பும் காரமும் சேரக் கூடாது, பாத்தீங்களா?" என்று வைத்தீஸ்வரன் சிரித்தார். அடுத்தது மஞ்சூரியனின் சோயா சாஸுக்குச் சரியாக உட்கார்ந்தது. துப்பினான். இன்னொன்று பன்றிக்கறியின் இனிப்புக்கு முன்னால் வெறும் புளித்தண்ணீராகிவிட்டது. அதையும் துப்பினான். ஒவ்வொரு முறையும் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டான், எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று.

கடைசி பாட்டில் நந்திமலைப் பக்கத்துத் திராட்சை. லேசாகக் குளிர வைத்திருந்தார்கள். துவர்ப்பே இல்லை. சில்லி சிக்கனின் காரம் நாக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போது இது வந்து அதைத் தட்டித் தூங்க வைத்தது. பூண்டு தனியாகத் தெரிந்தது, வெங்காயத்தாள் தனியாகத் தெரிந்தது. பத்து வருஷமாகப் பரிமாறிய பண்டத்தை அன்றுதான் சாப்பிட்டது போல இருந்தது.

வாளியை நோக்கிக் குனிந்தான். வாயில் ஒன்றும் இல்லை.

முழுங்கியிருந்தான். யாரும் பார்க்கவில்லை. "இதுதான் சார் சில்லி சிக்கனுக்கு" என்றான். கிருஷ்ணப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சாயங்கால டூட்டிக்கு நேரம் இருந்தது. வழக்கம்போல வீட்டுக்குப் போய்வர வேண்டும். போகாவிட்டால் சொர்ணம் ஏன் என்று கேட்பாள். குழாயடியில் தொண்டை வரைக்கும் கொப்பளித்தான். சமையல்கட்டு டப்பாவிலிருந்து ஒரு கை ஏலக்காயை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மொபெட்டில் போகிற வழியெல்லாம் ஆடு மாதிரி மென்றான்.

சொர்ணம் கதவைத் திறந்தாள். "ஊதுய்யா."

ஊதினான்.

அவள் "ம்" சொல்லவில்லை. ஒரு எட்டு பின்னால் போனாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏலக்காய்," என்றாள்.

"ஹோட்டல்ல சும்மா..."

"எங்கப்பா ஒரு நாளும் சாராய நாத்தத்தோட வீட்டுக்கு வந்ததில்ல. தினம் ஏலக்காயை மென்னுட்டுத்தான் வருவாரு. 'தொடவே இல்லம்மா'ன்னு என் தலையில கை வைப்பாரு. இத்தனை வருஷமா நான் சாராயத்தையா மோந்துட்டிருந்தேன்னு நெனச்ச?"

உள்ளே போய்ப் பையை எடுத்து, மகள் தாரணியின் பாவாடை சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "பாப்பா ஸ்கூல்ல இருந்து வரட்டும். ஹெப்பகோடி அக்கா வீட்டுக்குப் போறோம்."

உத்தமன் வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வர இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. துப்பிவிட்டேன் என்று சொல்லலாம். முக்கால்வாசி உண்மைதான். வைத்தீஸ்வரனே வந்து சாட்சி சொல்வார். தெருமுனையில் ஸ்கூல் விட்ட பிள்ளைகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"முதலாளி ஒயினை டேஸ்ட் பண்ணச் சொன்னாரு," என்றான். "உன்கிட்ட சொல்லப் பயந்துட்டேன். எல்லாத்தையும் துப்பினேன். ஒண்ணை மட்டும் முழுங்கிட்டேன். சில்லி சிக்கனோட." கொஞ்சம் நிறுத்தினான். "நல்லா இருந்துச்சு சொர்ணம்."

இந்தக் கடைசி வார்த்தையை யார் கேட்டார்கள்? சொன்ன பிறகு அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மடிக்கிற கை நின்றது.

"குடிச்சேன், நல்லா இருந்துச்சுன்னு எங்கப்பா ஒரு நாளும் சொன்னதில்ல," என்றாள் சொர்ணம், துணியைப் பார்த்துக்கொண்டே.

தாரணி ஓடி வந்து அப்பாவின் காலை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பையைப் பார்த்து, "எங்கேம்மா போறோம்?" என்றாள்.

சொர்ணம் மடித்து வைத்த சட்டையைப் பையிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

"எங்கயும் போகல. போய் மூஞ்சி கழுவு." பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். "கொப்பளி. அந்தக் கருமம் போற வரைக்கும் கொப்பளி." கொப்பளித்தான். "ஊது." ஊதினான். புளித்த திராட்சை வாசனை லேசாக வந்தது. அவள் முகம் சுளித்தாள். ஆனால் நகரவில்லை. "இனிமே எதைத் துப்பினாலும், எதை முழுங்கினாலும் அந்த நாத்தத்தோடயே வா. மூடிட்டு வந்தா நான் இருக்கமாட்டேன்."

"ம்" என்றாள். அவன் உள்ளே வந்தான். அவள் அடுப்படியிலிருந்த ஏலக்காய் டப்பாவை எடுத்துப்போய் சாக்கடையில் கவிழ்த்தாள்.

உத்தமன் தேர்ந்தெடுத்த சிவப்பு ஒயின்கள் மெனுவில் ஏறின. ஐ.டி. பிள்ளைகள் சில்லி சிக்கனுக்கு அந்த நந்திமலை ஒயினைத்தான் கேட்டு வாங்கினார்கள். புது பாட்டில்கள் வரும்போதெல்லாம் அவன் ருசித்தான், துப்பினான், அந்த வாசனையோடு வீட்டுக்குப் போய் ஊதினான். முழுங்கிய நாளில் முழுங்கினேன் என்று வாசலிலேயே சொன்னான். அப்படி நாலைந்து நாள் இருந்திருக்கும்.

தாரணியின் பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டு, "இன்னா சொர்ணம், ஏலக்காய் போட மறந்துட்டியா?" என்று வருஷா வருஷம் கேட்பார்கள்.

"மறக்கல," என்பாள் சொர்ணம்.