சாமி ரூம் ஏர்கோன்

எங்கள் கம்பெனியில் ஏர்கோன் வேலைக்கு லோரியில் போன ஒரே பெண் நான்தான். இப்போது அதே கம்பெனியில் ஃபோன் எடுக்கிறேன். ஏன் என்று யாராவது கேட்டால், "ஆஃபீஸ் வேலை சுகம்லா" என்று சொல்லிச் சிரிக்கிறேன். சிரித்து முடித்ததும் என்னையே எனக்குப் பிடிப்பதில்லை.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா அங்கே பழ லோரி ஓட்டுகிறார். ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிந்ததும் கூடப் படித்த பெண்கள் நர்ஸிங், கணக்கியல் என்று போனார்கள். நான் ஏர்கோன் படிக்கப் போகிறேன் என்றதும் அத்தை, "அதுல பையனுங்கதானே இருப்பானுங்க?" என்றார். இருந்தார்கள். வகுப்பு முழுக்க அவர்கள்தான். செப்புக் குழாயை நெருப்பு வைத்து ஒட்டும் வேலையில் பாதிப் பேரை நான் தூக்கிச் சாப்பிட்டேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். ஒரு நாள் வாத்தியார், பெண்கள் இதைப் படித்துவிட்டு ஆஃபீஸில் உட்காரலாம், கடையில் சாமான் விற்கலாம் என்று ஏதோ சொல்ல, "ஏன் சார், ஏணி எங்களத் தாங்காதா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். நல்ல மனிதர். சான்றிதழோடு சில வருஷம் வெளி வேலையும் பார்த்துவிட்டால் ஆஸ்பத்திரி, ஹோட்டல், தொழிற்சாலை என்று பெரிய மெஷின்கள் பக்கம் போய்விடலாம் என்று வழி சொன்னதும் அவர்தான். வெளி வேலை பார்க்காதவர் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

ரவாங்கில் வேலை கிடைத்தது. முதலாளி சீனர், பேச்சில் சுற்றி வளைக்க மாட்டார். முதல் சில மாதம் லோரியில் போய்ப் பார், ஏணி ஒத்துவந்தால் லோரியிலேயே இரு, ஒத்துவராவிட்டால் ஆஃபீஸில் இடம் இருக்கிறது என்றார். என்னோடு வந்தவர் மலாய்க்காரர், இந்தத் தொழிலில் பழுத்தவர். அபாங் என்று கூப்பிடுவேன். சொந்த அண்ணன்கூட அவ்வளவு பொறுமையாக வேலை சொல்லித் தரமாட்டான். கனமான பெட்டியை எனக்காகத் தூக்க வரமாட்டார் என்பதால் அவரை இன்னும் பிடிக்கும்.

புக்கிட் செந்தோசாவில் ஒரு தமிழ் வீடு. சாமி ரூமில் ஏர்கோன் ஒழுகுகிறது, மறுநாள் வீட்டில் பூசை, இன்றே வர வேண்டும் என்று அழைப்பு. எனக்கு ஒரே சந்தோஷம். மற்ற வீடுகளில் அபாங் பேசுவார், நான் தலையாட்டுவேன். இங்கே நான்தான் பேசப்போகிறேன். அந்த வீட்டு ஆண்ட்டியும் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நம்ம பொண்ணா! பரவாயில்லையே!" என்று உள்ளே போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். சாமி ரூம் மாடியில் இருந்தது. முருகன் படத்துக்கு நேர் மேலே ஏர்கோன், சொட்டுச் சொட்டாகப் படத்தின் மாலையில் தண்ணீர். வடிகால் குழாய் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும். அபாங் கீழே லோரியில் பம்ப் எடுக்கப் போனார். நான் ஏணியை விரித்து ஒரு காலை வைத்துவிட்டேன்.

ஆண்ட்டி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதம்மா. வீட்டுக்குத் தூரம் ஒன்னும் இல்லையே?"

இருந்தது. மாதவிலக்கோடுதான் அன்று காலையிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு வீட்டில் ஏறி இறங்கியாயிற்று. அவர் கேட்கிறவரை அந்த அறை எனக்கு வேலை செய்யும் இடம், அவ்வளவுதான். கேட்டதும் அது சாமி ரூம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் விளக்கு ஏற்றுவது அப்பா. அவர் தீப்பெட்டியைத் தேடினாலே எனக்கோ அம்மாவுக்கோ வந்திருக்கிறது என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். அப்படி வளர்ந்தவள் நான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முருகன் படத்துக்கு முன்னால் வாய் வரவில்லை. "இருக்குங்க ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டு, அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே காலை எடுத்துவிட்டேன். அவர் என்னைத் துரத்தவில்லை. நானேதான் ஓடினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கீழே அபாங், ஏன் இறங்கிவிட்டாய் என்று மலாயில் கேட்டார். அவரிடம் என்னவென்று சொல்ல? என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்குமேல் எங்கள் சாமிக்கு அது ஏன் ஆகாது என்றும் விளக்க வேண்டும். தலை சுற்றுகிறது என்றேன். முருகனிடம் வராத பொய் அவரிடம் சரளமாக வந்தது. பாவம், தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து நிழலில் உட்காரச் சொன்னார். அவர் மேலே போனார். ஆண்ட்டி அவரைக் காலை மட்டும் கழுவிவிட்டு வரச் சொன்னார். கறி, மீன் ஏதும் சாப்பிட்டாரா என்றுகூட அவரிடம் கேட்கவில்லை. நான் ஆறிப்போன மைலோவைக் குடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அபாங் என் நல்லதுக்குத்தான் முதலாளியிடம் சொன்னார். மாடி வீடுகளில் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும், தலைசுற்றுகிற பிள்ளையை எப்படி ஏற்றுவது என்று. முதலாளியும் திட்டவில்லை. மறுவாரமே ஃபோன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். எனக்குத் தலை சுற்றாது என்று சொல்ல எத்தனையோ நாள் காலையில் அவர் கதவு வரைக்கும் போனேன். அப்படியானால் அன்று என்ன என்று கேட்பார். வகுப்பில் அத்தனை பேர் நடுவே வாயாடியவள், ஒரு கதவைத் தட்ட முடியாமல் திரும்பி வந்தேன். வீட்டில் இன்னும் லோரியில் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஃபோன் வந்தது. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. புக்கிட் செந்தோசா ஆண்ட்டி. ஏர்கோன் மறுபடி ஒழுகுகிறதாம்.

"அந்த மலாய்க்காரரு நல்லாத்தாம்மா செஞ்சாரு. ஆனா சாமி ரூம் பாரு. அன்னிக்கி நம்ம பொண்ணு ஒன்னு வந்துச்சே, அதையே அனுப்பும்மா. மறைக்காம உண்மையச் சொல்லிச்சு. நல்ல வளர்ப்பு."

"அந்தப் பொண்ணு இப்ப வெளி வேலைக்குப் போறதில்லைங்க ஆண்ட்டி."

"ஏன்மா? நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஏணியில ஏறினா அதுக்குத் தல சுத்துமாம்," என்றேன்.