மூன்று கட்டளை, நான்கு நொடி

"அசையாதே! கையைக் காட்டு! கையைப் பின்னால வை!"

லொரெட்டா குபியாக் போட்ட சத்தத்தில், காபி இயந்திரத்துக்குப் பால்பொடி நிரப்ப வந்தவர் விறைத்து நின்றார், கையைத் தூக்கினார், டப்பாவைக் கீழே போட்டார். லொரெட்டா கையிலிருந்த நொடிக் கடிகாரத்தை நிறுத்தினார். "நாலு செகண்டு. நீயும் அசைஞ்சிட்ட, கண்ணு. உனக்கும் தொண்ணூறு நாள் ஜெயில்." பிறகு சிந்திய பொடியைத் தானே குனிந்து துடைத்தார்.

இது ஒஹாயோவில் ஒரு நகர நீதிமன்றம். சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்வது என் வேலை. லொரெட்டா, கையில் காசில்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் வக்கீல். அறுபத்தொரு வயது. கோட்டுக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் காலணி. வாதக் குறிப்புகளை எழுதுவது தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்து நோட்டீஸின் பின்பக்கத்தில். மதியம் ஆறிப்போன பியரோகி. உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டைதான். அதைத் தின்றுகொண்டே போலீஸ்காரர் சட்டையிலிருந்த கேமராப் பதிவைப் பார்ப்பார். அதையும் முதல் தடவை பார்க்க மாட்டார், திரையைக் கவிழ்த்துவிட்டுக் காதால் மட்டும் கேட்பார். "படம் கண்ணைக் கட்டிடும்" என்பார்.

கைதை எதிர்த்தார் என்ற குற்றச்சாட்டு எங்கள் ஊரில் இலை ஓரத்து ஊறுகாய். மற்ற குற்றங்களோடு சேர்த்து வைப்பார்கள். மற்றதெல்லாம் பொய்யென்று ஆகிவிட்டால் ஊறுகாயே சாப்பாடாகிவிடும். கர்டிஸ் பெல்லாமிக்கு அதுதான் நடந்தது.

கர்டிஸ் பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பெட்ரோல் நிலையத்துக் கடையில் திருடியவன் நீலக் கோட்டு போட்டிருந்தானாம். இவரும் நீலக் கோட்டு. பின்னாலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் கத்த, காபிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி தரையில் கிடந்தார். ஆள் மாறிப்போனது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கலாம். திரும்பிப் பார்த்ததற்கு வழக்குப் போட்டார்கள். எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

விசாரணையன்று காலை அரசு வக்கீல் ஒரு தாளை நீட்டினார். சின்னக் குற்றமாக ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்.

"கையெழுத்துப் போட்டுடறேன் மேடம். எனக்குப் போதும்" என்று கர்டிஸ் பேனாவை எடுத்தார்.

"போடு. இன்னிக்கே வீட்டுக்குப் போலாம். ஆனா பஸ் கிடைக்காது. சின்னதோ பெருசோ, குற்றம்னு ஒண்ணு இருந்தா பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டாங்க. வழக்காடித் தோத்தியோ, பஸ்ஸும் போச்சு, உள்ளேயும் போகணும். நான் மழுப்ப மாட்டேன்."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"நான் பஸ் ஓட்டலியே, கண்ணு."

கர்டிஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எங்கேன்னு பஸ்ஸுல வர்ற புள்ளைங்க தினம் கேக்குதுங்களாம்" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எட்டு ஜூரிகள். கூண்டில், அன்று கத்திய இருவரில் ஒருவரான போலீஸ்காரர் ஹாலர். லொரெட்டா எழுந்தார்.

"அசையாதேன்னு கத்தினது யாரு, ஆபீசர்?"

"நான்."

"கையைக் காட்டுன்னு?"

"என் கூட்டாளி."

"பின்னால வைன்னு?"

"அதுவும் நான்தான்."

"மூணும் நாலு செகண்டுக்குள்ள. அவர் எதுக்கு முதல்ல கீழ்ப்படியணும்?"

ஹாலர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. "எல்லாத்துக்கும்" என்றார்.

நான் தட்டச்சு செய்தேன். வேறு வக்கீலாக இருந்தால் மேலே ஒரு கேள்வி கேட்டு அதைக் கெடுத்திருப்பார். லொரெட்டா உட்கார்ந்துவிட்டார். பின்வரிசை ஜூரி ஒருவரின் கை மடியிலேயே கொஞ்சம் முன்னால் வந்து, பின்னால் போக முயன்று, பாதியில் நின்றது.

நாற்பது நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. குற்றவாளி இல்லை. கர்டிஸ் வாய்விட்டு அழுதார். லொரெட்டா வழக்குக் காகிதங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

மூவரும் லிஃப்ட்டுக்குக் காத்து நின்றோம். கதவு திறந்தது. உள்ளே ஹாலர். "வாங்க, இடம் இருக்கு" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கர்டிஸின் இரண்டு கைகளும் விரல்களை விரித்துக்கொண்டு தாமாகவே மார்பு வரைக்கும் எழும்பிவிட்டன.

"நீங்க போங்க ஆபீசர், நாங்க அடுத்ததுல வர்றோம்" என்றார் லொரெட்டா. கதவு மூடிக்கொண்டது. கர்டிஸின் கைகள் இறங்கவில்லை.

லொரெட்டா தன் காகிதப் பெட்டியைத் தூக்கி அந்தக் கைகளில் வைத்தார்.