அக்காவின் பாதத்துக்கு ஒரு தரை

எங்கள் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் இருக்கிறது என்று சொன்னால் நிலக்கரிச் சுரங்கத்தில் என் ஷிப்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. முந்திரித் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காக எப்போதோ யாரோ கட்டிய சிமெண்ட் தொட்டி அது. இருபத்திரண்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், நெஞ்சளவு ஆழம். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் எல்லையைத் தாண்டி அந்த மனையை வாங்கியபோது, தொட்டியை இடித்துவிட்டு கார் ஷெட் போடலாம் என்றேன். காரே இல்லாதவனுக்கு ஷெட் எதற்கு என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டு, ஒரு பக்கம் மூன்று படிகள் கட்ட வைத்து அதைக் குளமாக்கியவள் என் அக்கா.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். வெள்ளாற்றில் தண்ணீர் வந்த சேதி கேட்டால் கட்டிய துணியோடு குதிக்கிறவள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு டவுன்ஷிப் மார்க்கெட்டில் தையல் கடை போட்டு, பாதி பிளாக் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். கடையை ஒரேயடியாக மூடிய பிறகு எங்களோடு வந்துவிட்டாள். தினமும் காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் தொட்டியில் இருப்பாள். மல்லாக்க மிதந்தபடியே, சமையலறை ஜன்னலில் நிற்கும் என் மனைவியோடு ஊர்க்கதை பேசுவாள். மைன்ஸ் பக்கமிருந்து காற்றடிக்கும் நாட்களில் தண்ணீரின் மேல் கரித்தூள் ஏடு கட்டியிருக்கும். அதைப் பழைய வேட்டியால் வழித்தெடுத்துவிட்டு இறங்குவாள்.

'தானே' என்று பேர் வைத்த அந்தப் புயலில் தொட்டிக்கு நிழல் தந்த முந்திரி மரங்கள் எல்லாம் சாய்ந்தன. அடுத்த இரண்டு கோடைகளும் வெயில் நேராக அடித்ததில் உள்பூச்சு பொரிந்து, ஜல்லி பல்லைக் காட்டத் தொடங்கியது. அதே சமயத்தில் சர்க்கரை வியாதியால் அக்காவின் இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி மங்கிவிட்டது. ஒருநாள் குளித்துவிட்டு அவள் நடந்து வந்த வழியெல்லாம் ரத்தம். என் மனைவி அலறிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. இன்னொரு காயம் பட்டால் விரலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தொட்டியை வற்ற விட்டோம். அக்கா முணுமுணுக்கக்கூட இல்லை. ஆனால் ஜன்னலோரப் பேச்சு நின்றுபோனது. சத்தம் போடும் மனுஷி சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டரிடம் மறுபடியும் போய்க் கெஞ்சினேன். புண் முழுசாக ஆறிவிட்டதைப் பார்த்துவிட்டு, "தரை கிழிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அப்படி ஒரு தரை இருந்தா இறங்கட்டும். வெளியே வந்ததும் உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடிச்சுப் பாருங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். மைன்ஸில் கரியும் மண்ணும் ஓடும் ரப்பர் கன்வேயர் பெல்ட்டோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவன் நான். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எந்தக் குறை வந்தாலும் பெல்ட்டை வெட்டிப் போட்டு அடைத்துவிடுவோம். மாட்டுக் கொட்டகைத் தரை, கோழிக் கூண்டுக் கதவு, வாசற்படி மிதியடி எல்லாமே கழித்துப்போட்ட பெல்ட்தான். ஏலத்தில் எடுத்து விற்கும் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டிராக்டர் நிறையக் கொண்டுவந்து, தொட்டியின் அடியில் முழுசாக விரித்தேன். கிழிக்காது, வழுக்காது, சுருக்கமாகச் சொன்னால் நான் ஒரு மேதை என்ற நினைப்பு.

தண்ணீர் விட்ட மறுநாள், அடியில் சிக்கிய காற்று பெல்ட்டை நடுவில் தூக்கிவிட்டது. ஓர் எருமை முதுகை மட்டும் வெளியே காட்டிப் படுத்திருப்பது போல இருந்தது. மதியத்துக்குள் தண்ணீர் சுட்டது. டயர் கடை நாற்றம் அடுக்களை வரை வந்தது. பரிசோதனைக்கு நானே இறங்கினேன். எருமையின் மேல் ஏறி மிதித்து அமுக்கப் பார்த்தபோது அது என்னைப் புரட்டிவிட்டது. எழுந்து வந்தபோது முதுகெல்லாம் கறுப்பு.

படியோரம் நாற்காலியில் இருந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டேய் தம்பி, எட்டு மணி நேரம் மைன்ஸ்ல இருந்தாகூட நீ இம்மாம் கறுப்பா வூட்டுக்கு வந்தது இல்லடா!"

அவள் அப்படிச் சிரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவமானம் போன இடம் தெரியவில்லை.

பெல்ட் பக்கத்துத் தெரு மாட்டுக்காரர் வீட்டுக்கு, கொட்டகைத் தரைக்குப் போனது. கம்மாபுரத்திலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தேன். அதிகம் பேசாத மனிதர். "இது நல்லது, அது நல்லதுன்னு வாயால சொல்லிக்கினு இருந்தா ஆவாதுங்க. செஞ்சி காட்டறேன், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லி நான்கு கடப்பாக் கற்களில் நான்கு மாதிரிகள் செய்தார். ஒன்றில் நீல டைல்ஸ். ஒன்றில் பிளாஸ்டிக் போலப் பளபளக்கும் எபாக்ஸி பெயிண்ட். ஒன்றில் வெள்ளை சிமெண்டோடு சலவைக்கல் துண்டுகள். கடைசியில், நீர்க்கசிவு தடுக்கும் மருந்து கலந்து கரண்டியால் இழைத்த சாதா சிமெண்ட். எல்லாம் காய்ந்ததும் சுவரோரம் வரிசையாகக் கிடத்தி வைத்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் உள்ளங்காலைத் தேய்த்துப் பார்த்தேன். எல்லாமே எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

"உன் காலு பூட்ஸுக்குள்ள கெடந்து காய்ச்சுப்போன காலு. ஆணி மேல நின்னாலும் மெத்தைன்னுவ" என்றாள் அக்கா. "என் காலுக்கு நாந்தான் பாக்கணும். என் காலோ பேச மாட்டேங்குது. கையும் துணியுந்தான் பேசணும்."

உள்ளே போய் ஒரு பழைய நைலான் புடவையையும் சலவை சோப்பின் ஒரு வில்லையையும் எடுத்து வந்தாள். முந்தானையைக் கல்லின் மேல் விரித்து, மெல்ல இழுப்பாள். நூல் மாட்டினால் அது காலையும் கிழிக்கும். பிறகு கல்லை நனைத்து, அதன் மேல் ஈரச் சோப்பை வைத்து, கொத்தனாரைக் கல்லின் ஒரு முனையைத் தூக்கச் சொல்வாள். சோப்பு சட்டென்று ஓடினால் அவளும் வழுக்கி விழுவாள். மைன்ஸில் மண் சரியாமல் இருக்கச் சரிவை அளப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் இத்தனை கவனமாகச் சரிவைப் பார்த்து நான் கண்டதில்லை.

டைல்ஸின் நடுவில் புடவை வழுக்கிக்கொண்டு போனது, இணைப்பில் மாட்டியது. சோப்பு நிற்கவே இல்லை. எபாக்ஸியில் புடவை எங்கும் மாட்டவில்லை, சோப்பு கொல்லைக் கோடியில் இருந்த பலா மரத்தடி வரை போய்ச் சேர்ந்தது. சலவைக்கல்லில் சோப்பு அசையாமல் நின்றது. நாங்கள் கைதட்டுவதற்குள் புடவையில் ஒரு நூல் முழ நீளத்துக்கு உருவிக்கொண்டது. சாதா சிமெண்டில் புடவைக்குச் சேதமில்லை, சோப்பு ஓடியது.

நான்கும் தோற்றன. கொத்தனார் தலையைச் சொறிந்தார். கிழிக்காததெல்லாம் வழுக்கியது, வழுக்காதது கிழித்தது. என் மனைவி அக்காவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் காபி போடப் போனாள்.

அக்கா மட்டும் புடவையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க கொத்தனாரே, சிமெண்டு ஈரமா இருக்கறப்ப மேல துணியப் போட்டு அமுக்கி எடுத்தா இன்னா ஆவும்?"

"துணித் தடம் வுழும்மா."

"அதான் வேணும். துணிக்கு முள்ளு கெடையாது. ஆனா சொரசொரப்பு இருக்குதே."

கொத்தனார் அவளைப் பார்த்தார், பிறகு கரண்டியை எடுத்தார். அன்று எங்கள் கொல்லை தையல் கடையாகிவிட்டது. சாக்குத் துணியின் தடம் முரடாக இருந்தது. பூத்துவாலையின் பஞ்சு ஒட்டிக்கொண்டு சிமெண்டுக்கு மீசை முளைத்தது. மெல்லிய மல் துணியின் தடம் கண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில், சாயம் ஏற்றாத கெட்டி நெசவுக் காடாத் துணி. தடம் காய்ந்ததும் கொத்தனார் தேய்ப்புக் கல்லால் மேலாக லேசாகத் தேய்த்துக் கொடுத்தார். புடவை எங்கும் மாட்டாமல் முழுசாக வந்தது. கல்லைத் தூக்கத் தூக்கச் சோப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. "என் கை வலிக்குதும்மா, எறக்கட்டுமா?" என்று கொத்தனார் கேட்ட பிறகுதான் அக்கா தலையசைத்தாள்.

தொட்டியின் மூலைகளையும் படி விளிம்புகளையும் கூர் இல்லாமல் உருட்டிவிட்டு, புதுப்பூச்சு போட இரண்டு நாள் ஆனது. நான் லீவு போட்டேன். துணிகளை ஒன்றாகத் தைத்துத் தரட்டுமா என்று என் மனைவி கேட்டதற்கு, "தையல் போட்டா அந்த வரியும் தரையில வுழும், ஓரத்தோட ஓரம் வச்சி விரிங்க" என்று அக்கா குடையோடு மேலே உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். ஒரு மடிப்பு விழுந்தாலும் துணியை எடுத்துவிட்டுத் திரும்ப விரிக்கச் சொன்னாள். மூன்று வாரம் தண்ணீர் கட்டி வைத்து, சிமெண்டின் காரம் போக மாற்றி மாற்றி ஊற்றினோம். அந்த மூன்று வாரமும் அவள் என்னை நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவிடவில்லை. இன்றைக்கா, நாளைக்கா என்று அதே கேள்வி.

அவள் இறங்கும் நாளில் காலை ஷிப்டுக்குப் போகாமல் மாற்றிக்கொண்டேன். அக்கா சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். தரையில் நின்றாள். பிறகு சுவரை விட்டுவிட்டுத் தண்ணீரில் சாய்ந்தாள். காது வரை நீரில் மூழ்கிக் கிடந்தபடி, ஜன்னலைப் பார்த்து, "ஏம்மா, அந்த எதிர்வூட்டுக்காரி சங்கதி இன்னா ஆச்சு?" என்று கத்தினாள். ஐந்து மாதத்துக் கதைகளையும் என் மனைவி ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினாள்.

அரை மணி கழித்து மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை என் மடியில் போட்டாள். கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். விரலிடுக்கு, குதிகால், பழைய புண்ணின் தழும்பு. எங்கும் ஒரு கீறல் இல்லை. நம்பாமல் மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் நிறைந்து எதுவும் தெரியவில்லை. சந்தோஷத்தில் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

அக்கா கண்ணாடியை என் கையில் திணித்தாள்.

"பாத்தது போதும், காலை வுடுடா" என்றாள். "நான் இன்னொரு தடவை எறங்கப் போறேன்."