நாலாவது பெஞ்சில் பேராயர்

என் கணவர் பேராயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபோது ஆளுயர மாலைகள் போட்டார்கள், வாயாரப் புகழ்ந்தார்கள். நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆராதனை முழுக்க என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒரு சின்ன சபைக்கு உதவி ஆயராகப் போனார். அன்றிலிருந்து அவர் இடம் பலிபீடத்துக்குப் பக்கத்தில், என் இடம் முன் பெஞ்சில். மற்ற பெண்கள் கணவனோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். எனக்குத் துணை என் கைப்பை. பொறாமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்?

அடையாறு ஃபிளாட்டுக்குக் குடிவந்த முதல் ஞாயிறு, மயிலாப்பூரில் ஒரு சர்ச்சுக்கு ஆட்டோவில் போனோம். அங்கி இல்லை, கோல் இல்லை, வெறும் வெள்ளைச் சட்டை. வாசலில் பூ விற்கும் அம்மாள் கண்ணை அகல விரித்தாள்.

"இன்னாம்மா, பிஷப் ஐயா ஆட்டோல வந்துகினு கீறாரு!"

"ரிட்டையர் ஆயிட்டாரு. இனிமே இப்படித்தான்" என்றேன் பெருமையாக.

நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரத்துக்குக் குறைவாகப் பிரசங்கம் பண்ணியே அறியாத மனுஷன், ஆயரின் பிரசங்கத்தின்போது அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பத் தெரியுதா?" என்று காதில் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஓய்வு பெற்றவரானாலும் சரி, பேராயர் ஒருவர் வந்திருந்தால் கடைசி ஆசீர்வாதத்தை அவரைக் கூறச் சொல்வது எங்கள் வழக்கம். அது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. கடைசிப் பாட்டு முடிந்ததும் அந்த இளம் ஆயர் நேரே எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டார்.

"பிஷப் ஐயா, நீங்கதான் ஆசீர்வாதம் கூறணும்."

போச்சுடா என்று நினைத்தேன். இவர் பாதி எழுந்தும்விட்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் சொல்லியிருக்கும்.

"இன்னிக்கு நீங்களே கூறுங்க, தம்பி. நான் வீட்டம்மாவோட வந்திருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் முழங்காலிட்டோம். பலிபீடத்தின் முன் ஆயர் கையை உயர்த்தினார். என் பக்கத்திலும் ஒரு கை தன்பாட்டுக்கு உயர்ந்தது, காற்றில் சிலுவை போடத் தயாராக. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"பழக்கதோஷம்" என்று முனகினார்.

ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்தார்கள். நாங்கள் எழவில்லை. அந்தக் கை இன்னும் என் கைக்குள்தான் இருந்தது. இழுத்துக்கொள்ள அவரும் அவசரப்படவில்லை.